இருநூற்றேழாம் அறைக்கு வழி சொன்னவன்

ஒளிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணின் அறை எண்ணை, அவளை வெட்டுவதற்காகக் கத்தியோடு வந்திருந்த அவளுடைய அண்ணனுக்கு, நிறுத்தி நிதானமாக, ழகர ளகரம் பிசகாமல் படித்துக் காட்டியவன் நான். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டாவது தடவை அவன் கேட்கவே இல்லை. வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது என்று நானாகத்தான் படித்தேன். அதை எழுதியவனும் நான்தான்.

கத்தி இருந்தது எனக்குத் தெரியாது. சுருட்டிய தெலுங்கு நாளிதழுக்குள் இருந்தது. நாளிதழுக்குள் செய்திதான் இருக்கும் என்று நம்பிய கடைசி ஆள் நானாக இருக்கலாம்.

சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். அதை ஒரு வெளிநாட்டுக்காரன் வாங்கினான். மேசை நாற்காலிகள் அவனுக்குப் பிடித்திருந்தன, வைத்துக்கொண்டான், எங்களை அனுப்பிவிட்டான். ஆந்திர எல்லையில் எங்கள் நகரி, பாலசமுத்திரம் பக்கத்துப் பையன்களெல்லாம் விடியற்கால பஸ் பிடித்துச் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டிருந்த காலம் அது. அந்த பஸ் காலியாகத் திரும்பும்போது அதில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தேன். சித்தூரில் என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. காலையில் அவள் கிளம்பும்போது வாசலில் நின்று கையாட்டுவேன். மூன்றாவது மாதம் அவளே சொன்னாள்: "கையாட்டனது போதும். திருப்பதியில என் தம்பி கடையில போய் உக்காருங்க."

அவள் தம்பிக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செல்போன் கடை. மனிதர்களை அவன் இரண்டு வகையாகத்தான் அறிவான்: போன் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள். எனக்கு மூன்றாவது வகை ஒன்று தெரிந்தது. பையில் போனை வைத்துக்கொண்டு, ப்ளூடூத்தை அணைக்காமல், கடையைத் தாண்டிப் போகிறவர்கள். பாட்டும் படமும் காசில்லாமல் போனுக்குப் போன் தாவிக்கொண்டிருந்த நாள்கள். ப்ளூடூத்தை அணைத்து வைப்பது கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுவது மாதிரி என்று எங்கள் பக்கத்து இளவட்டங்கள் நினைத்தார்கள்.

அவர்களுக்காக ஒரு பெட்டி செய்தேன். டிபன் பாக்ஸ் அளவு. முப்பது நாற்பது அடிக்குள் வருகிற போன்களை அது மோப்பம் பிடிக்கும். ஒவ்வொரு போனுக்கும் பெட்டிக்குள் ஒரு ஏஜெண்ட் பிறக்கும். ஏஜெண்ட் என்றால் ஆள் இல்லை, ஒரு சின்ன நிரல். இந்தப் போன் எப்போது வந்தது, எந்தச் செய்தியை வாங்கிக்கொண்டது, எதைத் தள்ளியது என்றெல்லாம் அது குறித்து வைத்துக்கொள்ளும். போனுக்கு உரிமையாளர் சூட்டியிருக்கும் பெயரைப் பார்த்து அவர் தமிழா தெலுங்கா என்று ஊகிக்கும். பிறகு அவருக்கென்றே ஒரு விளம்பரச் செய்தியைத் தயாரித்து அனுப்பும். போனில் 'வாங்கிக்கொள்ளவா?' என்று கேட்கும். 'ஆம்' என்று அமுக்கினால் செய்தி திறக்கும். அந்தப் போன்களில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரியும் என்பதால் செய்தியைப் படமாக்கி அனுப்பினோம். மச்சான் கடையில் ஒரு பெட்டி, இரண்டு தெரு தள்ளி ஒரு டிபன் ஹோட்டலில் ஒன்று, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு லாட்ஜில் ஒன்று. மூன்றும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்.

திருப்பதி இந்த நவீனத்தைக் கைகளால் வரவேற்றது. முதல் வாரமே மச்சான் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. 'உங்களுக்காக மட்டும், அன்புடன்' என்று ஆரம்பித்து நான் எழுதியிருந்த ஒரு செய்தி, கடப்பாவிலிருந்து வந்த ஒருவரின் மனைவி போனில் போய் உட்கார்ந்திருக்கிறது. கணவர் கடைக்குள் வந்து யார் முதலாளி என்று கேட்டார். மச்சான் பெருமையாகக் கை தூக்கினான்.

"நீங்க கவிதை மாதிரி எழுதுவீங்க, நான் அடி வாங்கணுமா மாமா?" என்றான், பனிக்கட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு. அதற்குப் பிறகு 'அன்புடன்' என்ற சொல்லை எடுத்துவிட்டோம்.

இரண்டாவது வாரம் ஒரு லாரி டிரைவர். டிபன் ஹோட்டலில் அவர் கொல்லைப்பக்கம் கை கழுவவும் வெளியே போன் பேசவும் எழுந்து போய்த் திரும்பும்போதெல்லாம், புதிதாக வந்த விருந்தாளி என்று எண்ணி என் ஏஜெண்ட் அவரை வரவேற்றிருக்கிறது. ஒரு மசால் தோசைக்குள் ஒன்பது வரவேற்பு. ஒன்பதாவதுக்கு அவர் எழுந்து பெட்டியைச் சுவரோடு பிடுங்கி வீசினார். அது கல்லாவில் இருந்தவர் புருவத்தைக் கிழித்துவிட்டு சாம்பார் வாளிக்குள் விழுந்தது. நான்கு தையல். அன்று மாலையே நான் ஒரு விதி எழுதினேன்: ஒரு போனுக்கு ஒரு நாளில் ஒரு செய்திதான். மச்சானின் வியாபார ஆசை எனக்குத் தெரியும் என்பதால், எங்கள் இருவரில் யார் நினைத்தாலும் மீற முடியாதபடி எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய நிரல்களில் பிழையே இல்லாமல் ஓடியது அது ஒன்றுதான்.

அடுத்து வந்தது என் மேதைமை.

திருப்பதியில் எந்நேரமும் யாராவது யாரையாவது தொலைத்துக்கொண்டிருப்பார்கள். ஒலிபெருக்கியில் நாலு பாஷையில் பெயர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். குடும்பத்தில் எல்லாரும் ஒரே கலரில் துண்டு கட்டிக்கொண்டு வருவார்கள். மொட்டை போட்ட பிறகு அப்பனைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியாது. அதனால் என் ஏஜெண்டுகளுக்குப் புதிதாக ஒன்று கற்றுக்கொடுத்தேன். இரண்டு போன்கள் இரண்டு பெட்டிகளிலாவது சேர்ந்தே தென்பட்டால் அவை ஒரே குடும்பம். பிறகு அதில் ஒன்று மட்டும் தனியாகத் தென்பட்டால், மற்றது எங்கே என்று சொல்லிவிடு. லாட்ஜ்காரரும் ஒத்துழைத்தார். எந்த அறைக்கு எந்தப் போன் என்று வரவேற்பில் குறித்துக்கொண்டால், வெந்நீர் வரும் நேரத்தைக் கூடப் போனுக்கே அனுப்பலாம் இல்லையா?

முதல் வெற்றி ஒரு வெதுருகுப்பத்து ஆள். சம்சாரத்தைக் கூட்டத்தில் விட்டுவிட்டு டிபன் ஹோட்டல் பக்கத்துச் சந்தில் இருந்த ஒயின் ஷாப்புக்கு ஒதுங்கியிருந்தார். அந்த அம்மாளின் போனுக்குச் செய்தி போயிற்று. அவர் போய்ச் செருப்பைக் கழற்றினார். "காணாம பூட்டானேன்னு அழுதுக்கினு சுத்தறேன், நீ இங்க குந்திக்கினு துன்றியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். உதடு கிழிந்து, சட்டையெல்லாம் ரத்தம். நானும் மச்சானும் சந்து முனையில் நின்று பார்த்தோம். தொலைந்தவனையும் ஒளிந்தவனையும் என் நிரலுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் மச்சான் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

அந்தப் பெண்ணும் அவள் காதலனும் வந்தது இதற்கு ஒரு மாதம் கழித்து. எல்லை ஓரத்து ஊர். அவள் ஊருக்குள் இருக்கும் கரும்புத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். அவன் அதே ஊருக்கு வெளியே இருக்கும் காலனிப் பையன். அவர்கள் குடும்பத்தில் அவன்தான் முதலில் வயல்கூலியை விட்டுவிட்டுச் சித்தூர் மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் வேலைக்குப் போனவன். இரண்டு பேரும் சேர்ந்து ஓடிவந்து, திருப்பதியில் தாலி கட்டிக்கொண்டு, எங்கள் லாட்ஜில் தங்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஓடிப் போகிறவர்கள் வேறெங்கும் போவதில்லை. துரத்துகிறவர்களுக்கும் அது தெரியும். ஆனால் திருப்பதியில் எத்தனை லாட்ஜ், எத்தனை சத்திரம்! தேடுகிறவன் மூன்று நாள் தேடி, கால் வலித்து, கோபம் பாதி வடிந்து ஊர் திரும்புவான். அந்த மூன்று நாள்தான் இப்படிப்பட்டவர்களுக்கு உயிர். அதற்குள் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு பெங்களூர் பஸ் ஏறிவிடுவார்கள்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று மதியம் தெரிந்ததெல்லாம் ரீசார்ஜ் செய்ய மூன்று பேர் கடைக்கு வந்தார்கள் என்பதுதான். முன்னால் நின்றவனுக்கு முப்பது வயதிருக்கும். இரண்டு நாள் தாடி, கண்ணெல்லாம் சிவப்பு. பின்னால் அவனுடைய பங்காளி ஒருவன், கக்கத்தில் நாளிதழ்ச் சுருள். மூன்றாமவன் டிராக்டர் ஓட்டுகிறவன் என்று பேச்சில் தெரிந்தது. மச்சான் நம்பரை அமுக்கிக்கொண்டிருக்கும்போது முன்னால் நின்றவன் போன் கீச்சென்றது. அவன் பழக்கதோஷத்தில் 'ஆம்' அமுக்கினான். பிறகு போனை நீட்டித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ணா, இன்னாவோ வந்துகீது. பாருணா."

"நம்மளுதுதான். படிங்களேன்" என்றேன்.

"தமிழ்ல கீது. நமக்குப் பேசறதோட செரி. படிச்சதெல்லாம் தெலுகு ஸ்கூலுணா."

அவன் போனுக்கு வைத்திருந்த பெயரைப் பார்த்து அவன் தமிழன் என்று என் ஏஜெண்ட் கண்டுபிடித்திருந்தது. கண்டுபிடித்தது சரிதான். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தமிழனுக்கு எழுத்து தெலுங்கு. சென்னையில் பிறந்த எவனுக்காவது இது தெரியாமல் போகலாம். என் சித்தப்பா பிள்ளைகளே கல்யாணப் பத்திரிகையைத் தெலுங்கில்தான் படிப்பார்கள். நான் மறந்துவிட்டேன். அந்த இடத்தில் என் மென்பொருள் தோற்றுவிட்டது. தோற்றதை அப்படியே விட்டிருந்தால் அன்று எல்லாருக்கும் பத்து விரல் இருந்திருக்கும்.

"கொடுங்க" என்று போனை வாங்கினேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"வணக்கம். மீண்டும் வருக. சென்ற முறை உங்களுடன் வந்தவர், இப்போது நம் லாட்ஜில், அறை எண் இருநூற்றேழில், நலமாகத் தங்கியிருக்கிறார். கூட்டம் பிரித்தாலும் குடும்பம் சேரும்."

மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். அப்போதுதான் இரண்டாவது தடவை படித்தேன். 'நலமாக' என்பதைக் கொஞ்சம் இழுத்தேன்.

"யாரு, கூட வந்தவங்க தொலஞ்சிட்டாங்களா?" என்று கேட்டேன்.

"தங்கச்சி" என்றான் அவன். "ஆடி மாசம் கொழந்தைக்கு மொட்டை போட வந்தோம். அவளும் வந்தா."

"அப்ப கண்டுபிடிச்சாச்சே!"

"ஆமாணா." போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "கண்டுபுடிச்சாச்சி."

பின்னால் நின்ற டிராக்டர்காரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "சீக்கிரம் முடிச்சிடலாம்பா. அஞ்சு மணிக்குக் கரெண்டு உடுவான், நான் மோட்டார் போடணும்."

லாட்ஜுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கையை நீட்டிக் காட்டினேன். "நல்லா இருணா" என்றான் அண்ணன்காரன். மூன்று பேரும் ரோட்டைத் தாண்டி ஓட ஆரம்பித்தார்கள். தங்கையைக் காணப் போகிற பாசம் என்று நினைத்தேன்.

மச்சான் மட்டும் வெளுத்துப்போய் நின்றான். "மாமா. அந்தப் பேப்பர் நுனி பாத்தீங்களா? மரப்பிடி. கரும்பு வெட்டற கத்தி மாமா."

கடைப் போனை எட்டி எடுத்தேன்.

லாட்ஜுக்குப் போன் அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது; வரவேற்பில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். அந்தப் பெண்ணின் நம்பர் எங்களிடம் இல்லை. நம்பரே தேவையில்லை என்பதுதானே எங்கள் பெட்டியின் பெருமை. கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். லாட்ஜ் பெட்டி வழியாக அவள் போனுக்கு 'ஓடிவிடு' என்று ஒரு வரி. மூன்று தடவை தப்பாக அடித்து நான்காவது தடவை அனுப்பினேன். திரையில் என் சொந்த நடையில் பதில் வந்தது: 'இந்த வாடிக்கையாளருக்கு இன்றைய செய்தி அனுப்பப்பட்டுவிட்டது. அவருக்குத் தொந்தரவு தர வேண்டாம்.'

அன்று காலை அவளுக்கு வெந்நீர் வரும் நேரத்தைச் சொல்லியிருந்தோம்.

மச்சான் ஸ்கூட்டரை எடுத்தான். பின்னால் ஏறிக்கொண்டேன். ஒருவழிப் பாதையில் எதிரே போனோம்; ஒரு ஜீப் டிரைவர் இறங்கி வந்து மச்சான் சட்டையைப் பிடித்தான். விளக்கம் சொல்ல நேரமில்லாமல் மச்சான் ஹெல்மெட்டால் அவன் வாயில் ஒன்று வைத்தான். போன் விற்கிறவனுக்குள் இதெல்லாம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

லாட்ஜ் மாடிப்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. கதவை உதைக்கிற சத்தம் இல்லை; அது முடிந்துவிட்டிருந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு. இருநூற்றேழின் கதவு ஒரு கீலில் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே அந்தக் காதலன் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தான். புது வேட்டி, அதில் மஞ்சள் கறை, மஞ்சளுக்கு மேல் ரத்தம். டிராக்டர்காரன் அவன் கால்கள் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். அண்ணன்காரன் கத்தியை ஓங்கி ஓங்கி இறக்கினான். இடம் குறுகல் என்பதால் பாதி வெட்டு கட்டில் சட்டத்தில் விழுந்து சிராய் பறந்தது. மீதிப் பாதியைக் காதலன் இடது கையால் தடுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கையை நான் பார்த்தேன். சுண்டுவிரல் இல்லை. பக்கத்து விரல் தோலில் தொங்கியது. அவன் கத்தவே இல்லை. "அடிக்காத மச்சான், அடிக்காத மச்சான்" என்று உறவு சொல்லிக் கெஞ்சினான். மச்சான் என்று சொல்லும்போதெல்லாம் வெட்டு பலமாக விழுந்தது.

அவளைப் பங்காளிக்காரன் முடியைச் சுற்றிப் பிடித்து, தலையைக் குளியலறைக் கதவில் மோதிக்கொண்டிருந்தான். "எவன்கூட வந்த, சொல்லு! எவன்கூட வந்த, சொல்லு!" யாரோடு வந்தாள் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டு மோதினான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். சதை பிய்கிற வரைக்கும் விடவில்லை. அவன் ஊளையிட்டுக்கொண்டு கையை உதற, அவள் குளியலறைக்குள் விழுந்தாள். தரையெல்லாம் தண்ணீரும் ரத்தமும்.

நான் வாசலில் நின்று "நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். பதற்றத்தில் எழுத்துத் தமிழில் வந்துவிட்டது. அண்ணன்காரன் திரும்பிப் பார்த்தான். தனக்கு வழி சொன்னவன் என்று அடையாளம் தெரிந்து, நீங்க எங்க இங்க என்பது போல, ஒரு கணம் அவன் முகத்தில் மரியாதை கூட வந்தது. அந்த ஒரு கணத்தில், இன்றும் எனக்குப் புரியாத காரணத்தால், நான் உள்ளே ஓடி அந்தக் காதலன் மேல் குனிந்தேன். முதுகுப் பக்கமிருந்து என் வலது தோளில் ஓர் இடி இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. அவன் மேல் குப்புற விழுந்தேன். அடுத்த வெட்டு என் தலைக்கு நாலு விரற்கடை மேலே கட்டில் காலில் இறங்கி மாட்டிக்கொண்டது. அண்ணன்காரன் கத்தியை ஆட்டி ஆட்டிப் பிடுங்கப் பார்த்தான். வரவில்லை.

அது மாட்டிக்கொண்டதால்தான் அவளும் அவனும் நானும் இன்று உயிரோடு இருக்கிறோம்.

எதிர் அறையில் மாலை தரிசனத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெரிய குடும்பம். பதினைந்து பேராவது இருப்பார்கள். எல்லாரும் அன்று காலைதான் மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். அவர்கள்தான் முதலில் வந்தவர்கள். தடி, துடைப்பக் கட்டை, பூட்டு கட்டிய துண்டு என்று கைக்குக் கிடைத்ததோடு வந்தார்கள். யார் எவர் என்று விசாரிக்கவில்லை. அறையில் நிற்கிற ஆம்பிளைகளையெல்லாம் அடித்தார்கள். டிராக்டர்காரன் பால்கனி வழியாகக் குதித்து ஓடினான். மோட்டார் போடப் போயிருப்பான். பங்காளியைத் தரையில் தள்ளி நாலைந்து பேர் மிதித்தார்கள்; அவன் முன்பல் ஒன்று என் முகத்துக்கு நேரே தெறித்து விழுந்தது. அண்ணன்காரனை இரண்டு மொட்டைத் தலைகள் கட்டிப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது மொட்டைத் தலை, ஓர் அம்மாள், துண்டில் கட்டிய பூட்டால் அவன் வாயிலேயே அடித்தார். எனக்கும் விலாவில் இரண்டு உதை கிடைத்தது. நான் மறுக்கவில்லை.

அந்தப் பெண் தவழ்ந்து வந்து காதலனின் கையைத் தன் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். "சாவாத, கண்ண தொற, என்னப் பாரு" என்று திட்டுவது மாதிரி சொன்னாள். கன்னத்தில் ஓர் அறையும் விட்டாள். அவன் கண்ணைத் திறந்தான்.

உயிர் பிழைத்தான். இரண்டு விரல் போயிற்று. தலையில் பதினேழு தையல். எனக்குக் காறை எலும்பு முறிவு.

போலீஸ் ஸ்டேஷனில் தோளில் கட்டோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பெட்டி, ஏஜெண்ட், சேர்ந்து வருகிற போன்கள் என்று ஒரு மணிநேரம் தெலுங்கில் விளக்கினேன். ஏட்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு தொழில் என்ற இடத்தில் 'லாட்ஜ் புரோக்கர்' என்று எழுதினார். தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்ததில் பெரிய தப்பு தெரியவில்லை.

லாட்ஜ்காரர் பெட்டியை மாடியிலிருந்து வீசினார். மற்ற இரண்டையும் நானே சுத்தியலால் உடைத்தேன், இடது கையால். மச்சான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "இந்தக் கோவத்த அன்னிக்கு அந்தக் கத்திக்காரன்கிட்ட காட்டியிருக்கலாம் மாமா" என்றான்.

ஆனால் காட்டியதாகத்தான் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கல்யாண வீடுகளில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், என் மனைவியின் சக ஆசிரியர்களிடம். அறை எண்ணைப் படித்த பகுதியைக் கொஞ்சம் சுருக்குவேன். குறுக்கே விழுந்த பகுதியை விரிப்பேன். பங்காளிக்காரன் கத்தியின் பின்பக்கத்தால் அடித்தான், முன்பக்கமாக இருந்திருந்தால் இன்று நான் இல்லை என்று முடிப்பேன். கேட்டவர்கள் தோளைத் தொட்டுப் பார்ப்பார்கள். கத்தி ஒன்றுதான் இருந்தது, அது அண்ணன்காரன் கையில் இருந்தது என்பதை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து, வழக்கில் சாட்சி சொல்வதற்கு முன்னால், அவர்களைப் பார்க்கப் போனேன். சித்தூரில் கூழ் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு. வெளிக்கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். அவள்தான் திறந்தாள், முதலில் ஒன்று, என் முகத்தைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்த பிறகு மற்ற இரண்டும். இடுப்பில் ஒரு குழந்தை. அவன் உள்ளே மூன்று விரல் கையால் குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் மாட்டப் பழகிக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் மாம்பழம் வெட்டும் மேசை வேலை போய், இப்போது லாரி எடை போடுகிற இடத்தில் சீட்டு எழுதுகிறானாம்.

பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். நான்தான் படித்தேன், எனக்குத் தெரியாது, இருந்தாலும் நான்தான் என்று.

"தெரியும்" என்றாள். "போலீஸ்காரர் சொன்னாரு. நீ படிக்காம இருந்திருந்தா இவருக்கு விரலு இருந்திருக்கும்."

அவன் "உடு, அவரு வேணும்னா செஞ்சாரு?" என்றான்.

"நான் வேணும்னு செஞ்சாருன்னு சொல்லலியே. விரலு இருந்திருக்கும்னுதான் சொல்றேன்."

 டீ கொடுத்தாள். படித்ததைக் கோர்ட்டில் அப்படியே சொல்லிவிடுவேன் என்றேன். சொல்லுணா என்றாள். குடித்து முடித்து எழுந்திருக்கும்போது, வெறுங்கையோடு போக மனமில்லாமல், தோளை லேசாகத் தூக்கிக் காட்டினேன். மழைக்காலத்தில் இன்னும் குத்துகிறது, அந்தப் பங்காளி நல்ல வாட்டமாக இறக்கிவிட்டான் என்றேன்.

அவள் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அது அவன் இல்லணா. நான்தான். பாத்ரூம்ல இருந்த இரும்பு வாளி. நீயும் அவங்க ஆளுன்னு நெனச்சிட்டேன். இன்னொன்னு போடலாம்னு தூக்கினேன், அதுக்குள்ள நீயே வுழுந்துட்ட."